அமெரிக்கக் கவுண்டியில் நிலம் எடுத்தவர்களுக்கு: அரசு வேளாண் மானியம் பெறும் வழி

அமெரிக்காவில் கிராமப்புறக் கவுண்டி (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) ஒன்றில் நிலம் வாங்கியோ குத்தகைக்கு எடுத்தோ முதன்முதலாக விவசாயத்தில் இறங்குகிறவர்களில் பலர், மானியம் என்பது விதைத்து முடித்தபின் விண்ணப்பம் போட்டு வாங்கிக்கொள்ளும் பணம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். நடைமுறை வேறு. பணம் வருமா, எவ்வளவு வரும், யார் கைக்கு வரும் என்பதெல்லாம் விதைப்புக்கு முன்பே கவுண்டி அலுவலகத்தின் கோப்பில் உள்ள பதிவுகளால் பெருமளவு முடிவாகிவிடுகிறது. அப்பதிவுகளில் சில, உங்களுக்கு முன் அந்த நிலத்தை உழுதவர் பல ஆண்டுகளுக்கு முன் என்ன பயிரிட்டார் என்பதைப் பொறுத்தவை. ஆகவே எந்தப் பதிவை எப்போது சரிபார்ப்பது, எதை எப்போது கொடுப்பது என்ற வரிசையிலேயே இந்தக் கட்டுரை செல்கிறது. கோல்பி நகரைத் தலைமையிடமாகக் கொண்ட தாமஸ் கவுண்டி போன்ற, கோதுமை விளையும் மேற்குக் கன்சாஸ் பகுதியை மனத்தில் வைத்து எழுதுகிறேன். மக்காச்சோளமும் சோயாவும் விளையும் அயோவாவிலும் படிகள் இவையே. கெடு தேதிகள் மட்டும் பயிரையும் மாநிலத்தையும் பொறுத்து மாறும்.

எந்த அலுவலகத்துக்குப் போவது

மானியச் சட்டம் வாஷிங்டனில் இயற்றப்பட்டாலும் அதைக் கையாள்வது கவுண்டி அளவில் உள்ள எஃப்.எஸ்.ஏ. (ஃபார்ம் சர்வீஸ் ஏஜென்சி) அலுவலகம். இது அமெரிக்க வேளாண் துறையின் ஒரு கிளை, பெரும்பாலும் யு.எஸ்.டி.ஏ. சர்வீஸ் சென்டர் என்ற பலகையின் கீழ், மண்வளப் பாதுகாப்பைக் கவனிக்கும் என்.ஆர்.சி.எஸ். அலுவலகத்துடன் ஒரே கட்டடத்தில் இருக்கும். உங்கள் கவுண்டிக்கு உரிய அலுவலகத்தின் முகவரி அரசின் 'ஃபார்மர்ஸ் டாட் கவ்' தளத்தில் கிடைக்கும். ஆள் குறைவான அலுவலகங்களே அதிகம் என்பதால், முன்கூட்டித் தொலைபேசியில் நேரம் கேட்டுக்கொண்டு போவது நல்லது. அங்கே உங்கள் கோப்பைப் பார்ப்பவர் புரோகிராம் டெக்னீஷியன். அலுவலகத்துக்குத் தலைமை வகிப்பவர் கவுண்டி நிர்வாக இயக்குநர். அவருக்கும் மேலே, உள்ளூர் விவசாயிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் கவுண்டிக் கமிட்டி இருக்கிறது. சிக்கலான விண்ணப்பங்களில் முடிவெடுப்பது இந்தக் கமிட்டிதான். அதன் தேர்தலில் உங்களுக்கும் வாக்கு உண்டு என்பதால், ஆண்டின் இறுதியில் அஞ்சலில் வரும் வாக்குச்சீட்டை விளம்பரத் தபால் என்று நினைத்து எறிந்துவிட வேண்டாம்.

பயிர்க் காப்பீடு இந்த அலுவலகத்தில் கிடைக்காது. அதன் பிரீமியத்தில் கணிசமான பங்கை அரசு ஏற்றாலும், விற்பவர்கள் தனியார் முகவர்களே. இரண்டும் ஒரே அரசுப் பணம்தானே என்று எண்ணி, ஓரிடத்தில் சொன்ன தகவல் மற்ற இடத்துக்குத் தானாகப் போய்விடும் என்று நம்பிவிடக் கூடாது.

முதலில் உங்கள் தகுதி

வேலை விசாவில் இருந்துகொண்டு முதலீடாக நிலம் வாங்கும் நம்மவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவரை எஃப்.எஸ்.ஏ. விதிகள் வெளிநாட்டவர் என்றே கொள்கின்றன. அத்தகையவர் நிலம், மூலதனம் ஆகியவற்றோடு பயிர் வேலையில் கணிசமான அளவு சொந்த உடலுழைப்பையும் தந்தால்தான் பெரும்பாலான திட்டங்களில் பணம் பெற முடியும். நகரத்தில் முழுநேரக் கணினி வேலையில் இருப்பவர் அப்படி உழைத்ததாகக் காட்டுவது கடினம்; அப்படிக் காட்டினால் விசா நிபந்தனை என்னாகும் என்பதைக் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்காமல் அந்தப் படிவத்தில் கையெழுத்திடக் கூடாது. அதைவிட அவசரமானது இன்னொன்று: வெளிநாட்டவர் விவசாய நிலம் வாங்கினால், 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் எஃப்.எஸ்.ஏ.-153 என்ற படிவத்தில் அறிவிக்க வேண்டும். பத்தாண்டோ அதற்கு மேலோ நீளும் குத்தகைக்கும் இது பொருந்தும். தவறினால் நிலத்தின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. இது கூட்டாட்சி விதி மட்டுமே. அயோவா போன்ற மாநிலங்கள் வெளிநாட்டவர் விவசாய நிலம் வாங்குவதையே கட்டுப்படுத்துவதால், மாநிலச் சட்டத்தைப் பத்திரப் பதிவுக்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது வருமான வரம்பு. மூன்று ஆண்டுகளின் சராசரி வருமானம், வரிக் கணக்கில் சரிசெய்யப்பட்ட மொத்த வருமானமாகக் கணக்கிட்டால் 9 லட்சம் டாலரைத் தாண்டுகிறவர்கள் பொதுவாகத் தகுதி இழப்பார்கள். இதற்கான உறுதிமொழி சிசிசி-941 படிவம். அதில் கையெழுத்திட்டால், உங்கள் வரிக் கணக்கை எஃப்.எஸ்.ஏ. சரிபார்த்துக்கொள்ள அனுமதி தருகிறீர்கள் என்று பொருள்.

மூன்றாவதாக, விவசாயத்தில் நேரடியாக ஈடுபடுகிறீர்களா என்ற கேள்வி. சிசிசி-902 என்னும் பண்ணை இயக்கத் திட்டப் படிவம் இதற்காகத்தான். நிலம் யாருடையது, டிராக்டர் யாருடையது, உழைப்பு யாருடையது, முதல் போட்டது யார், லாப நட்டத்தில் யாருக்கு எத்தனை பங்கு என்று அது விரிவாகக் கேட்கும். எல்.எல்.சி. அல்லது கூட்டு நிறுவனம் வழியாக விவசாயம் செய்தால், பின்னால் இருக்கும் உறுப்பினர்களின் விவரங்களையும் தர வேண்டும். நிறுவனத்துக்குள் நிறுவனம் என்று அடுக்கியிருந்தால் நான்கு அடுக்கு ஆழம் வரை தோண்டுவார்கள். நிறைய நேரம் பிடிக்கும் படிவம் இது. முதல் சந்திப்பிலேயே முடிந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

குத்தகை எப்படி எழுதப்பட்டிருக்கிறது

நிலத்தை ரொக்கக் குத்தகைக்கு விட்டால், விளைச்சலின் நட்டத்தை ஏற்பவர் குத்தகைதாரர். ஆகவே பயிர் மானியம் முழுவதும் அவருக்கே போகும், உரிமையாளருக்கு ஒரு டாலர்கூட வராது. வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு விட்டால், விளைச்சலைப் பிரிக்கும் அதே விகிதத்தில் மானியமும் பிரியும். உரிமையாளருக்கு மூன்றில் ஒரு பங்கு என்றால் மானியத்திலும் மூன்றில் ஒரு பங்குதான்.

"நிலம் என்னுடையது, மானியமும் என்னுடையது" என்ற வாய்ப்பேச்சோடு ரொக்கக் குத்தகைக்கு விடுகிறவர்கள் உண்டு. அந்தப் பேச்சு எஃப்.எஸ்.ஏ. கோப்பில் செல்லாது. தவிர, மானியத்தின் ஒரு பகுதியைத் திருப்பித் தர வேண்டும் என்று குத்தகைதாரரை நிர்ப்பந்திப்பது திட்ட விதிகளை மீறுவதாகிவிடக்கூடும். ஒப்பந்தத்தை எழுத்தில் வைத்துக்கொண்டு, நகல் ஒன்றை அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். ரொக்கக் குத்தகைக்கு எடுத்து நீங்களே பயிரிடுகிறவராக இருந்தால் மற்றொரு நிபந்தனையும் உண்டு: கணிசமான சொந்த உழைப்பு வேண்டும், அல்லது கணிசமான நேரடி மேற்பார்வையும் சொந்தக் கருவிகளும் சேர்ந்து இருக்க வேண்டும். எல்லா வேலையையும் கூலிக்கு விட்டுத் தொலைவிலிருந்து பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இந்த இடத்தில்தான் அடிபடும்.

நிலத்தின் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்

எஃப்.எஸ்.ஏ. கணக்கில் ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு எண்ணும், அதற்குள் ஒவ்வொரு துண்டுக்கும் டிராக்ட் எண்ணும், அதற்குள் ஒவ்வொரு வயலுக்கும் ஒரு எண்ணும் இருக்கின்றன. கவுண்டிப் பத்திர அலுவலகத்தின் எண்ணுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பத்திரம் பதிவானதும் உரிமை மாற்றம் தானாக இங்கே வந்துசேராது. பத்திர நகலுடன் நேரில் போய், கோப்பில் உங்கள் பெயரை ஏற்றச் சொல்ல வேண்டும். அன்றே எஃப்.எஸ்.ஏ.-156ஈ.இசட். என்ற சுருக்கப் பதிவையும், வயல் எல்லைகள் வரைந்த வான்வழிப் படத்தையும் அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். நிலம் வாங்கும் எண்ணத்தில் இருக்கிறவர்கள், விலை பேசுவதற்கு முன்பே விற்பவரிடம் இந்தத் தாளைக் கேட்க வேண்டும்.

அந்தத் தாளில் பார்க்க வேண்டிய எண் பேஸ் ஏக்கர். மானியத்துக்கு அடிப்படையாகக் கொள்ளப்படும் ஏக்கர் இதுதான். நீங்கள் இந்த ஆண்டு உண்மையில் விதைக்கும் ஏக்கரோடு இதற்கு நேரடித் தொடர்பில்லை. கால் செக்ஷன், அதாவது 160 ஏக்கர், உள்ள நிலத்தில் 100 ஏக்கர் கோதுமை பேஸ், 30 ஏக்கர் சோளம் பேஸ் என்று இருக்கலாம். நீங்கள் முழுவதும் மக்காச்சோளம் விதைத்தாலும் கோதுமைக்கும் சோளத்துக்கும் உரிய கணக்கிலேயே பணம் வரும். பக்கத்து நிலம் அதே மண்ணாக இருந்தும் பேஸ் இல்லாமல் இருக்கலாம். அங்கே இந்தத் திட்டத்தில் எதுவும் வராது. 2009 முதல் 2017 வரை முழுவதும் புல்லாகவே விடப்பட்ட பண்ணை என்றால், தாளில் பேஸ் தெரிந்தாலும் அதற்குப் பணம் கிடையாது. விற்பவர்களோ தரகர்களோ இந்தக் கடைசி விவரத்தைத் தாமாகச் சொல்வது அபூர்வம். பண்ணையில் மொத்தம் 10 பேஸ் ஏக்கரோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் பொதுவாகப் பணம் தர மாட்டார்கள் என்றாலும், புதிய விவசாயிகளுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் இதில் விலக்கு உண்டு. பத்தாண்டுகளுக்கு மேல் பண்ணை நடத்தாதவர் புதிய விவசாயி. சிசிசி-860 படிவத்தில் அதை அறிவித்துவிட்டால் வேறு சில திட்டங்களிலும் பயன்படும்.

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம், நாடு முழுவதும் 3 கோடி ஏக்கர் வரை புதிய பேஸ் சேர்க்க இடமளித்தது. எந்தப் பண்ணைக்கு எவ்வளவு என்பதற்கு அளவுகோல், 2019 முதல் 2023 வரை அலுவலகத்தில் பதிவான விதைப்புக் கணக்கு. அந்த ஆண்டுகளில் விதைப்பை முறையாகப் பதியாதவரின் நிலத்துக்கு, உண்மையில் பயிர் நின்றிருந்தாலும், காட்ட ஒன்றும் இருக்காது.

ஈர நிலமும் சரிவு நிலமும்

ஏடி-1026 படிவம் சிறியது. மீறினால் விளைவு பெரியது. எளிதில் அரிக்கப்படும் நிலத்தைப் பாதுகாப்புத் திட்டமின்றி உழ மாட்டேன், ஈர நிலத்தை வடித்துப் பயிர் நிலமாக்க மாட்டேன் என்ற உறுதிமொழி அது. ஓரிடத்தில் செய்த மீறல், உங்களுக்கு எல்லாக் கவுண்டிகளிலும் உள்ள எல்லா நிலங்களின் மானியத்தையும் பாதிக்கக்கூடும். மரம் அகற்றுவதற்கும், வடிகால் குழாய் பதிப்பதற்கும், புல்வெளியை முதன்முறை உழுவதற்கும் முன்னர் அலுவலகத்தில் சொல்லி, என்.ஆர்.சி.எஸ். தீர்ப்பை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கோடையில் காய்ந்து கிடக்கும் பள்ளத்தைப் பார்த்து அது ஈர நிலம் இல்லை என்று நாமே முடிவு செய்ய முடியாது.

ஆர்க்கா, பி.எல்.சி.யா

பேஸ் ஏக்கருக்குப் பணம் தரும் முதன்மைத் திட்டங்கள் இரண்டு. பி.எல்.சி. விலையைப் பார்ப்பது: ஆண்டின் தேசியச் சராசரி விலை, சட்டம் வகுத்த குறிப்பு விலைக்குக் கீழே போனால் வித்தியாசத்தைத் தரும். ஆர்க் வருவாயைப் பார்ப்பது: விலையையும் கவுண்டியின் சராசரி விளைச்சலையும் பெருக்கி வரும் தொகை, கடந்த ஆண்டுகளின் அளவுகோலுக்குக் கீழே விழுந்தால் தரும். உங்கள் வயலில் மட்டும் ஆலங்கட்டி மழை அடித்து, கவுண்டி முழுவதும் நன்றாக விளைந்திருந்தால் கவுண்டி ஆர்க்கில் ஒன்றும் வராது. ஒவ்வொரு பயிரின் பேஸுக்கும் தனித்தனியாக இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். தேர்வில் அந்தப் பண்ணையில் பங்குள்ள அனைவரும் ஒத்துப்போக வேண்டும்.

ஒரு கணக்கு பார்ப்போம். கோதுமையின் குறிப்பு விலை முன்பு புஷல் என்ற தானிய அளவு ஒன்றுக்கு 5.50 டாலர், 2025 சட்டம் அதை 6.35 ஆக்கியது. சராசரி விலை 5.35 என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் ஒரு டாலர். 100 ஏக்கர் கோதுமை பேஸும், கோப்பில் ஏக்கருக்கு 40 புஷல் என்ற விளைச்சல் எண்ணும் இருந்தால், பேஸில் 85 சதவீதத்துக்கே பணம் என்பதால், 85 ஏக்கரை 40 ஆல் பெருக்கி 3,400 டாலர் வரும். அதிலும் பட்ஜெட் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி 5.7 சதவீதம் பிடித்தம் போகும். இந்த 40 என்பது பழைய பதிவிலிருந்து வருவது. உங்கள் வயலில் இந்த ஆண்டு 60 புஷல் விளைந்தாலும் மாறாது.

பணம் வரும் காலமும் புதியவர்களுக்கு வியப்பளிக்கும். ஜூனில் அறுவடையாகும் கோதுமையின் விற்பனை ஆண்டு அடுத்த மே மாதம்தான் முடிகிறது. சராசரி விலை அதன்பிறகே உறுதியாகும். பணம் அக்டோபரில் வரும். 2025 அறுவடைக்குரிய தொகை 2026 அக்டோபரில்தான் கைக்கு வரும் என்பதால், இதை நம்பி உரக்கடன் வாங்குவது விவேகமாகாது.

இந்தத் திட்டங்களில் ஆண்டுதோறும் பதிவு செய்ய வேண்டும். வழக்கமான கெடு மார்ச் 15. சட்டம் மாறும் ஆண்டுகளில் தள்ளிப்போவதுண்டு. ஒருவர் ஓராண்டில் பெறக்கூடிய உச்ச வரம்பு முன்பு 1,25,000 டாலர். 2025 சட்டம் அதை 1,55,000 ஆக்கியது. தொடக்கநிலை விவசாயி இந்த வரம்பைப் பற்றிக் கவலைப்படும் நிலை வந்தால் மகிழ்ச்சி கொள்ளலாம்.

விதைப்பு அறிக்கை

வேறு எதைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடக் கூடாது. எஃப்.எஸ்.ஏ.-578 எனப்படும் ஏக்கர் அறிக்கை நம்மூர் அடங்கல் போன்றது. எழுத வேண்டியவர் கிராம நிர்வாக அலுவலர் அல்லர், நீங்கள் என்பதே வேறுபாடு. மேசைமீது வான்வழிப் படம் விரிக்கப்படும். ஒவ்வொரு வயலின் பரப்பும் 23.47, 6.12 என்று நூறில் ஒரு பங்கு வரை அச்சாகியிருக்கும். வயல்வாரியாகப் பயிர், வகை, தானியத்துக்கா தீவனத்துக்கா என்ற நோக்கம், விதைத்த தேதி, பாசனமா மானாவாரியா, யாருக்கு எத்தனை சதவீதப் பங்கு என்று சொல்ல வேண்டும். தரிசாக விட்ட வயலையும் தரிசு என்று பதிய வேண்டும். ஒரு வயலைப் பாதியாகப் பிரித்து இரு பயிர் விதைத்திருந்தால் எல்லையைப் படத்தில் வரைந்து காட்ட வேண்டும். விதைக்கும்போதே தேதிகளைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டு போனால், மேசையில் நின்று நினைவைத் துழாவ வேண்டியதில்லை.

கன்சாஸில் இலையுதிர்காலத்தில் விதைக்கும் கோதுமைக்குக் கெடு டிசம்பர் 15. மக்காச்சோளம், சோளம், சோயா போன்ற வசந்தகாலப் பயிர்களுக்கு ஜூலை 15. மழையால் விதைக்கவே முடியாமல் போனால், அந்தப் பயிரின் இறுதி விதைப்பு நாள் கழிந்து 15 நாட்களுக்குள் சொல்ல வேண்டும். பயிர் அழிந்துவிட்டால், அதை உழுது அழிப்பதற்கு முன்பே சொல்ல வேண்டும். உழுதபின் பார்வையிட அங்கே ஒன்றும் மிஞ்சாது. காப்பீட்டு முகவரிடம் சொன்ன ஏக்கரும் இங்கே சொன்ன ஏக்கரும் ஒத்திருக்க வேண்டும். மாறினால் இரண்டு பக்கமும் கேள்வி வரும்.

இந்த ஆண்டு எந்தத் திட்டத்திலும் இல்லையே, எதற்கு அறிக்கை என்று கேட்கலாம். 2025 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட அவசர நிதியுதவி, 2024-இல் விதைத்த ஏக்கருக்குக் கோதுமை என்றால் 30.69 டாலர், மக்காச்சோளம் என்றால் 42.91 டாலர் என்ற வீதத்தில் தரப்பட்டது. பேஸ் ஏக்கரை அது கேட்கவில்லை. முந்தைய ஆண்டிலேயே ஏக்கர் அறிக்கை கொடுத்திருந்தவர்களுக்கு விவரங்கள் நிரப்பப்பட்ட விண்ணப்பம் வீட்டுக்கே வந்தது. இத்தகைய திட்டங்கள் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

காப்பீடு கிடைக்காத பயிரும் வறட்சியும்

காய்கறி, தேன், தீவனப்புல் போன்று உங்கள் கவுண்டியில் காப்பீடு விற்கப்படாத விளைபொருளுக்கு என்.ஏ.பி. என்ற திட்டம் உண்டு. கட்டணம் ஒரு பயிருக்கு 325 டாலர், ஒரு கவுண்டிக்கு அதிகபட்சம் 825. புதிய விவசாயிக்கு இது தள்ளுபடி. விண்ணப்பக் கெடு பெரும்பாலும் விதைப்புக்கு முன்பே முடிந்துவிடுகிறது. வெண்டையும் கத்தரியும் போட்டு உழவர் சந்தையில் விற்கும் நம்மவர்களுக்கு, மேலே சொன்ன பேஸ் கணக்கைவிட இதுவே அதிகம் பயன்படும். மேய்ச்சல் நிலம் வைத்திருப்பவர்கள் வியாழன்தோறும் வெளியாகும் அமெரிக்க வறட்சி வரைபடத்தைப் பார்த்துவர வேண்டும். கவுண்டி குறிப்பிட்ட வறட்சி நிலையை எட்டினால் தீவன உதவித் திட்டம் திறக்கும். கால்நடை இறந்தால் படம் எடுத்து, தேதியோடு எண்ணிக்கையையும் எழுதி வையுங்கள்.

1985 முதல் நடக்கும் சி.ஆர்.பி. திட்டம், நிலத்தை 10 முதல் 15 ஆண்டுகள் புல்லாகவோ மரமாகவோ விட்டுவைக்க ஆண்டு வாடகை தருவது. அதில் சேர, பொதுவாக நிலம் குறைந்தது 12 மாதங்களாவது உங்கள் கையில் இருந்திருக்க வேண்டும். இடையில் முறித்தால் வாங்கிய தொகையை வட்டியோடு திருப்ப நேரும். சி.ஆர்.பி.யில் உள்ள நிலத்தை வாங்குகிறவர் அந்த ஒப்பந்தத்தையும் ஏற்றுக்கொள்கிறாரா என்பதைக் கிரயப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும்.

பணம் வந்த பிறகு

தொகை நேரடியாக வங்கிக் கணக்குக்கு வரும். அதற்கான படிவத்தை முதல் சந்திப்பிலேயே கொடுத்துவிடலாம். ஆண்டு முடிந்ததும் 1099-ஜி என்ற அறிக்கை வரும். மானியம் வருமான வரிக்கு உட்பட்டது. விவசாய வருமானத்தைக் காட்டும் வரிப் படிவமான ஷெட்யூல் எஃப்-இல் அதை எழுதவென்றே ஓர் இடம் இருக்கிறது. யாருக்கு எவ்வளவு போனது என்பது பொதுமக்கள் பார்க்கக்கூடிய தகவல் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். 'என்விரான்மென்டல் வொர்க்கிங் குரூப்' என்ற அமைப்பு 1995 முதலான தொகைகளைக் கவுண்டிவாரியாகத் தொகுத்து வெளியிடுகிறது. உங்கள் கவுண்டியில் எந்தப் பயிருக்கும் எந்தத் திட்டத்துக்கும் பணம் அதிகம் போகிறது என்று தெரிந்துகொள்ள, அலுவலகம் போகும் முன் அதை ஒருமுறை பார்த்துவிட்டால் பேச்சு எளிதாகும்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதம் கிடைத்ததிலிருந்து 30 நாட்களுக்குள், கவுண்டிக் கமிட்டியிடம் மறுபரிசீலனை கேட்கலாம். கமிட்டியே மறுத்திருந்தால் மாநிலக் கமிட்டியிடமோ, எஃப்.எஸ்.ஏ.வுக்கு வெளியே தனித்து இயங்கும் தேசிய மேல்முறையீட்டுப் பிரிவிடமோ போகலாம். அங்கே எடுபடுவது கையில் உள்ள தாள்தான் என்பதால், கொடுத்த ஒவ்வொரு படிவத்திலும் அலுவலகம் பெற்றுக்கொண்ட தேதி முத்திரையோடு ஒரு நகலை அன்றைக்கே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.